பெட்டியில் கிடக்கும் போர்க்காலக் கடிதங்கள்: எடுத்து, படித்து, காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன் பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் என்றால், சொந்தத்தில் ஒருவராவது பட்டாளத்துக்காரர் இருப்பார். ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்கள் 1834-லேயே பெங்களூருக்கு வந்துவிட்டார்கள். இன்றும் அவர்களுடைய எம்.இ.ஜி. (மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்) சென்டர் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. வேலூர், குடியாத்தம் பக்கமிருந்து ரங்ரூட்டாக, அதாவது புதுச் சிப்பாயாக, வந்து சேர்ந்த பையன்களைப் பட்டாளமே ‘தம்பி’ என்று கூப்பிட்டது. அந்தத் தம்பிகள் சண்டைக்குப் போன இடத்திலிருந்து தங்களுக்குப் பேசி வைத்த பெண்ணுக்கு எழுதிய கடிதங்கள் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் இருக்கின்றன. வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டும்போது பழைய பேப்பரோடு சேர்ந்து எடைக்குப் போய்விடுகின்றன. அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவருடைய நம்பர். உள்ளே ஒரு பிஸ்கட் டின், அதற்குள் 41 கடிதங்கள். 1970 ஆவணியில் தொடங்கி 1972 வைகாசியில் முடிகின்றன. எல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் எழுதியவை. தாத்தா சாப்பராக மேற்கு எல்லையில் இருந்தார். பாட்டி மர்பி டவுனில் மில் தொழிலாளி ஒருவரின் மகள், தாத்தாவுக்கு மாமன் மகள். அந்த 41-ல் 40 தாத்தா எழுதியவை. பாட்டி எழுதியதில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, அதுவும் தாத்தா தன் பே புக்குக்குள் மடித்து வைத்திருந்ததால்.

உங்கள் வீட்டிலும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வீட்டுக்கு வந்த கடிதம் பெட்டிக்குப் போகும். பட்டாளத்துக்குப் போன கடிதம் மழையிலோ நெருப்பிலோ போகும், ஏனென்றால் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறுகிறவரால் கட்டுக்கட்டாகக் காகிதம் சுமக்க முடியாது. ஆக உங்கள் கையில் இருப்பது பாதிப் பேச்சு. தாளைக் காப்பாற்றுவது வேலையில் ஒரு பங்குதான். அவர் எழுதியதை வைத்து அவள் என்ன எழுதியிருப்பாள் என்று கேட்பது இன்னொரு பங்கு. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டாவது பங்கு கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உரியவரிடம் கேளுங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அது யாருக்கு வந்த கடிதமோ அவரிடம் கேளுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போது கேட்காமல் பிரித்துப் படிப்பது தப்பு. பாட்டி என்பதால் அது சரியாகிவிடாது. எங்கள் பாட்டி சரி என்று சொல்ல நாலு மாதம் ஆனது. சொன்ன அன்றும், முதலில் தானே டின்னைத் திறந்து இரண்டு கடிதங்களை எடுத்துத் தன் பீரோவில் வைத்துக்கொண்டார். அவை 41-ல் சேராது. என்ன என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

இருவரும் இல்லை என்றால் மூத்த பிள்ளையிடம் கேட்டு, மற்ற பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்துங்கள். பின்னால் ‘எங்களுக்குச் சொல்லவே இல்லையே’ என்று வரும் மனக்கசப்பில் கடிதங்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துபோகும்.

சம்மதம் கிடைத்த அன்றே போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பேச உட்காருங்கள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டாம், அது அப்புறம். கடிதம் எத்தனை மணிக்கு வரும், யார் கையில் தபால்காரர் கொடுப்பார், முதலில் படித்தது யார், எங்கே ஒளித்து வைப்பார்கள், பதில் எழுத இன்லேண்ட் வாங்கக் காசு யார் தந்தது, இவற்றைக் கேளுங்கள். ஐம்பது வருஷம் ஆன பிறகும் இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள் மறப்பதில்லை. இவைதான் பின்னால் தேதிக் குழப்பங்களையும் ஆள் குழப்பங்களையும் தீர்க்கும்.

இரண்டாம் படி: இருக்கிறபடியே படம் எடுங்கள்

கட்டைப் பிரிக்காமல் அப்படியே நாலு பக்கமும் படம் எடுங்கள். கட்டியிருக்கும் வரிசையே ஒரு செய்தி. எங்கள் டின்னில் நடுவில் இருந்த ஒரு கடிதம் மட்டும் தனியாக ஊதா ஜாக்கெட் துணியில் சுற்றியிருந்தது. தேதி பார்த்து அடுக்கும் அவசரத்தில் அதைப் பிரித்திருந்தால், பாட்டி எதை எல்லாவற்றிலும் ஒசத்தியாக வைத்திருந்தார் என்பது தெரியாமலே போயிருக்கும்.

பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண்ணைக் கடிதத்தில் எழுத வேண்டாம். சின்னத் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதிக் கடிதத்தோடு வையுங்கள். மேசையில் பேனாவே இருக்கக் கூடாது, காபி டம்ளரும் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, வெறும் கையால் எடுங்கள். துணிக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து ஓரம் கிழியும்.

பெங்களூரில் இந்த வேலைக்கு நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. செப்டம்பர், அக்டோபர் மழையில் தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டு மெத்தென்று ஆகிவிடும். அப்போது மடிப்பைப் பிரித்தால் பிளந்துபோகும்.

மூன்றாம் படி: தாளுக்கு முதலுதவி

குண்டூசி துருப்பிடித்து ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை நுழைத்து, அதன்மேல் வைத்து ஊசியை மெதுவாக நகர்த்துங்கள். ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்தால் காய்ந்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடலாம்.

ராமபாணப் பூச்சி அரித்த தடம் தெரிந்தால், கடிதங்களை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும். பூஞ்சை பிடித்திருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலர விடுங்கள். வெயிலில் போட்டால் மை வெளுத்துப்போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. பட்டாளத்துக் கடிதங்களில் பல காப்பியிங் பென்சிலால் எழுதியவை. பார்க்கச் சாதாரண பென்சில் எழுத்து மாதிரி சாம்பல் நிறமாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்த இடம் ஊதாவாகிப் பரவிவிடும். மடிப்பை நேராக்கலாம் என்று ஈரத் துணியை ஒற்றி எடுத்தால் ஒரு வரியே போய்விடும். எங்கள் கடிதம் ஒன்றில் இரண்டு சொற்கள் இப்படி ஊதாவாகக் கரைந்திருக்கின்றன. மழையா, கண்ணீரா என்று பாட்டிக்கு இப்போது ஞாபகம் இல்லை. அதைச் சரிசெய்ய நான் எதுவும் செய்யவில்லை.

மடிப்பை நேராக்க, ஒற்றுத்தாள் இரண்டின் நடுவே வைத்து மேலே கனமான புத்தகத்தை நாலைந்து நாள் வைத்தால் போதும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது, அதன் பசை சில வருஷத்தில் மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும்.

லேமினேஷன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் சித்தப்பா நல்ல எண்ணத்தில் ஒரு கடிதத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்தார். சூட்டில் நீல மை பரவி, கடைசி நாலு வரியும் ஒரே கறையாகிவிட்டன. பிளாஸ்டிக்கைப் பிரிக்கவும் முடியாது. அந்த நாலு வரியை இனி யாரும் படிக்கப்போவதில்லை. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

கையில் எடுத்தாலே உதிர்கிற நிலை என்றால் நீங்களாக எதுவும் முயல வேண்டாம். குமாரகிருபா சாலையில் சித்ரகலா பரிஷத் வளாகத்தில் பாரம்பரியப் பொருள்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையம் இருக்கிறது. முன்கூட்டியே பேசிவிட்டு எடுத்துப் போங்கள்.

நான்காம் படி: தேதியைக் கண்டுபிடியுங்கள்

நேரம் அதிகம் பிடிக்கிற படி இதுதான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பாதிக் கடிதங்களில் தேதி இருக்காது, அல்லது ‘கார்த்திகை 14, செவ்வாய்’ என்று மட்டும் இருக்கும். ஆனால் உறையும் முத்திரையும் பேசும். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள் பாதி விஷயத்தைத் தூக்கிப் போடுகிறார்கள்.

தமிழ் வருஷம் எழுதியிருந்தால் வேலை சுலபம். சுபகிருது என்றால் 1962 சித்திரை முதல் 1963 பங்குனி வரை. விசுவாவசு 1965-66. விரோதிகிருது 1971-72. மூன்றும் மூன்று போர்களின் வருஷங்கள். இன்னும் பழைய கடிதமாக இருந்தால் ௵, ௴, ௳ என்ற குறிகளைப் பார்ப்பீர்கள். முறையே வருஷம், மாதம், தேதி. ௸ என்றால் மேற்படி.

முகவரியில் வருகிற பெயர்கள் அடுத்த துப்பு. ‘சி அண்டு எம் ஸ்டேஷன் (சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்), பெங்களூர்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1947-க்கு முந்தியது. கண்டோன்மெண்ட் பகுதி அந்த வருஷம்தான் மைசூர் அரசின் கைக்குத் திரும்பியது. ‘மைசூர் ஸ்டேட்’ என்றிருந்தால் 1973 நவம்பருக்கு முன். சொந்த ஊர் முகவரியில் ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். பழக்கத்தில் பழைய பெயரையே எழுதுகிறவர்கள் உண்டு, அதனால் ஒரே துப்பை வைத்து முடிவுகட்ட வேண்டாம். பின்கோடு மட்டும் நம்பகமானது, வராத எண்ணை யாரும் முன்கூட்டியே எழுத முடியாது.

அஞ்சல் தலையைப் பாருங்கள். அணாவில் விலை இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன் அச்சானது. ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே அச்சானது. வழக்கமான தலைக்குப் பக்கத்தில் இன்னொரு 5 பைசாத் தலை ஒட்டியிருந்தால், கிழக்கு வங்க அகதிகளுக்காக அரசு வாங்கிய கூடுதல் கட்டணம் அது. 1971 நவம்பர் 15-லிருந்து 1973 மார்ச் வரைதான் அது நடைமுறையில் இருந்தது. தலையே இல்லாத கடிதமும் வரும். போர்முனையில் இருந்தவர்களுக்கு இலவச அஞ்சல் சலுகை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் கடிதங்களில் ‘ஆன் ஆக்டிவ் சர்வீஸ்’ என்று மேலே எழுதி, தணிக்கை முத்திரையும் குத்தியிருக்கும். கையகலப் போட்டோத் தாளில் கடிதம் முழுவதும் பொடியாக அச்சாகியிருந்தால் அதுவும் அந்தக் காலத்தது. எழுதிய கடிதத்தை மைக்ரோஃபிலிமில் படமெடுத்து விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த ஊரில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஏர்கிராஃப் என்று பெயர். தணிக்கைக்காரர் மை பூசி அடித்த இடத்தைச் சுரண்டிப் பார்க்காதீர்கள்.

அனுப்புநர் முகவரியில் ஊர் இருக்காது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், ‘கேர் ஆஃப் 56 ஏபிஓ’ அல்லது ‘99 ஏபிஓ’, அவ்வளவுதான். ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம். 56 என்றால் டெல்லி வழியாக வந்தது, 99 என்றால் கல்கத்தா வழியாக. வட்ட முத்திரையில் எஃப்.பி.ஓ. எண் இருக்கும். அது போர்முனைத் தபால் நிலையத்தின் எண். ஆனால் அந்த நிலையம் படையோடு சேர்ந்து நகரும், எனவே எண்ணை வைத்து மட்டும் இடத்தைச் சொல்ல முடியாது. அதற்குத் துணை, பணி விவரம் எழுதிய டிஸ்சார்ஜ் புக். பென்ஷனுக்காக எந்தப் பட்டாளத்து வீட்டிலும் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

இப்போது ஒரு நீளமான நோட்டில் கட்டம் போடுங்கள். எழுதிய தேதி, எஃப்.பி.ஓ. முத்திரைத் தேதி, வீட்டுப் பக்கத்துத் தபால் நிலைய முத்திரைத் தேதி. நாலாவதாக ஒரு கட்டத்தை அகலமாகக் காலியாக விடுங்கள், அது எதற்கென்று அப்புறம் சொல்கிறேன்.

இந்த மூன்று தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது எனக்கு என்ன தெரிந்தது என்று சொல்கிறேன். தாத்தா 1971 நவம்பர் 30-ல் எழுதிய கடிதம், டிசம்பர் 2-ல் போர்முனை முத்திரை, அல்சூர் முத்திரை டிசம்பர் 19. நடுவில் முழுப் போரும் நடந்து முடிந்துவிட்டது. 3-ஆம் தேதி தொடங்கி, 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து, மறுநாள் மேற்கிலும் சுடுவது நின்றது. பாட்டி கையில் கிடைத்த கடிதம், ‘இங்கு சண்டை வரும்போலத் தெரியவில்லை’ என்கிறது. அவருடைய கையெழுத்து வந்திருக்கிறது, ஆனால் அவர் இருக்கிறாரா என்று அது சொல்லவில்லை. அடுத்த கடிதம் ஜனவரி 2-ல்தான் வந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவில் ஆகாசவாணிச் செய்தி கேட்டு எல்லாரும் ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்ட பிறகும், அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து இன்னும் பதினாலு நாள் பாட்டிக்குத் தெரியாது. இதைக் கடிதத்தின் எந்த வரியும் சொல்லவில்லை, முத்திரைதான் சொன்னது.

ஐந்தாம் படி: எழுத்தைப் படியுங்கள்

எழுத்துச் சீர்திருத்தம் 1978-ல் வந்தது. அதற்கு முந்தைய கடிதங்களில் லை, னை, ணை, ளை ஆகியவை யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்த கொம்போடு இருக்கும். றா, னா, ணா கால் இல்லாமல் சுழியோடு இருக்கும். நாற்பதுகளின் கடிதங்களில் பல நேரம் புள்ளியே வைத்திருக்க மாட்டார்கள், சொற்களுக்கு நடுவே இடமும் இருக்காது. கண்ணால் படித்துப் புரியாவிட்டால் வாய்விட்டுப் படியுங்கள். காதுக்குப் புரிந்துவிடும்.

மங்கிய பென்சில் எழுத்துக்கு, அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச்சைத் தாளின் ஓரத்தில் படுக்கை வாட்டில் பிடியுங்கள். பென்சில் அழுந்திய பள்ளம் நிழலாகத் தெரியும்.

உறவுச் சொல்லில் ஏமாந்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் அத்தை மகனைப் பெண்கள் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தாத்தாவின் கடிதத்தில் ‘மாமா’ என்று வந்தால் அது பாட்டியின் அப்பா. பாட்டியின் கடிதத்தில் ‘மாமா’ என்று வந்தால் அது தாத்தா. நான் முதல் ஒரு வாரம் இதைக் குழப்பிக்கொண்டு, கொள்ளுத்தாத்தாவுக்கு ஸ்வெட்டர் பின்னியதாக எழுதி வைத்திருந்தேன்.

முகவரியில் இருக்கும் பெயரையும் நம்ப வேண்டாம். கல்யாணமாகாத பெண் பெயருக்கு ஆண் எழுதிய கடிதம் வந்தால் தெரு முழுக்கப் பேச்சாகும். அதனால் தம்பி பெயருக்கோ தோழி வீட்டுக்கோ வரும். எங்களுடையவை எல்லாம் பாட்டியின் தம்பி பெயருக்கு வந்தவை. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது.

அப்புறம், வீட்டுக்கு வந்த கடிதத்தைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, பெரியவர்களுக்கு வணக்கம், மழை நிலவரம், லீவு எப்போது என்று போகும். அதில் காதல் எங்கே என்று தேடாதீர்கள். இன்லேண்ட் கடிதத்தில் கடைசியாக மடித்து ஒட்டுகிற ஓரம் இருக்கிறதே, அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். தாத்தா அங்கேதான் எழுதினார். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு வரி, சில சமயம் ஒரே சொல். பாட்டி பிளேடால் ஓரத்தைச் சரியாகப் பிரித்து, முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் கடிதத்தை அப்பாவிடம் கொடுப்பாராம். மணியார்டர் கூப்பனின் அடியில் செய்தி எழுத ஒதுக்கிய துண்டு இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இடம் எழுதக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் சில வரிகள் விடுகதையாக இருக்கும். ‘நம்ம ஊர் பேர் வைத்த குழாயை இன்று நாள் முழுக்கத் தூக்கினோம்’ என்று தாத்தா எழுதியிருந்தார். முள்கம்பி வேலியை வெடித்து வழி உண்டாக்கும் நீளக் குழாய்க்குப் பெங்களூர் டார்பிடோ என்று பெயர். 1912-ல் இங்கேயே சாப்பர்களின் கேப்டன் மெக்ளிண்டாக் உருவாக்கியது. போருக்கு முன் நடந்த பயிற்சி அது என்று புரிந்தது. லங்கர், சுட்டி, கோத் மாதிரியான சொற்களுக்குப் பழைய பட்டாளத்துக்காரர் யாரையாவது கேளுங்கள். லங்கர் சமையற்கூடம், சுட்டி விடுமுறை, கோத் துப்பாக்கி வைக்கும் அறை.

ஆறாம் படி: காணாமல் போன பாதியைக் கேளுங்கள்

அந்தக் காலி நாலாவது கட்டம் இதற்குத்தான். தலைப்பில் ‘அவள் எழுதியது’ என்று போடுங்கள்.

ஒவ்வொரு கடிதத்திலும் ‘நீ எழுதியிருந்தபடி’, ‘நீ கேட்டதற்கு’, ‘உன் கடிதம் கண்டேன்’ என்று தொடங்கும் வாக்கியங்களைப் பென்சிலால் நோட்டில் எடுத்து எழுதுங்கள். அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். தாத்தாவின் ஒரு கடிதத்தில் ‘நீ கேட்டதற்குப் பதில்: 36. கை வேண்டாம், யூனிபார்முக்குள் போட வேண்டும்’ என்று ஒரு வரி. அப்படியானால் பாட்டி ஸ்வெட்டருக்கு மார்பளவு கேட்டிருக்கிறார், முழுக்கையா என்றும் கேட்டிருக்கிறார். அடுத்த கடிதத்தில் ‘பச்சை கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஆனால் சிவப்பு வேண்டாம்’. ஆக கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலோ எங்கேயோ கம்பளி நூல் தேடி அலைந்து, நிறம் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். இரண்டு வரியில் ஒரு பெண் நூல் வாங்கக் கடைகடையாக ஏறி இறங்குவது தெரிகிறது.

நிச்சயமாகத் தெரிவதை நேராக எழுதுங்கள். ஊகத்தை ‘இருக்கலாம்’ என்று சேர்த்து எழுதுங்கள். இரண்டையும் கலக்கவே கூடாது, பின்னால் வருகிறவர்கள் உங்கள் ஊகத்தைப் பாட்டியின் வாக்காக எடுத்துக்கொள்வார்கள்.

எண் போட்டு எழுதும் பழக்கம் இருந்ததா என்றும் பாருங்கள். ‘உன்னுடைய 9-வது கடிதம் இன்னும் வரவில்லை, 10 வந்துவிட்டது’ என்று தாத்தா எழுதியிருந்ததால், பாட்டி அதற்குள் பத்துக் கடிதமாவது எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது.

முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அலுவலகம் படித்து, சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தது. அசல் தாள்களில் பெரும்பாலானவை போய்விட்டன. அந்தப் பெயர்ப்புகள் மட்டும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஒருவர் எழுதியது வேறொருவர் எழுத்தில் பிழைத்துக் கிடப்பது புதிதில்லை. பாட்டியின் கடிதங்கள் தாத்தாவின் எழுத்தில் பிழைத்திருக்கின்றன.

ஏழாம் படி: ஸ்கேன், தட்டச்சு

ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ, வண்ணத்தில், டிஃப் கோப்பாக. கறுப்பு வெள்ளை வேண்டாம், மையின் நிறமே பேனா மாறியதையும் நாள் மாறியதையும் காட்டும். முன்பக்கம், பின்பக்கம், உறை, ஒட்டும் ஓரத்தின் உள்பக்கம், வெற்றுப் பக்கம் எல்லாவற்றையும் எடுங்கள். போன்தான் இருக்கிறது என்றால் ஜன்னல் பக்கத்தில், ஃபிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர்மேலே பிடித்து எடுங்கள். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வைத்தால் தானாகவே வரிசையாக நிற்கும். மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

தட்டச்சு செய்யும்போது பிழையைத் திருத்தாதீர்கள். தாத்தா ‘சவுக்கியம்’ என்று எழுதினால் சவுக்கியம்தான். படிக்க முடியாத இடத்தில் [படிக்க முடியவில்லை, ஒரு சொல்] என்று போடுங்கள். வரி எங்கே முடிகிறதோ அங்கேயே முடியுங்கள். ஓரத்தில் தாளைத் திருப்பி எழுதியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். இடம் தீர்ந்தும் பேச்சுத் தீரவில்லை என்பது அதில்தான் தெரியும்.

எட்டாம் படி: திரும்ப வைப்பது

பழைய மடிப்போடு மடிக்காமல், விரித்தபடி அமிலமற்ற தாளில் ஒவ்வொன்றாகப் போட்டு வையுங்கள். அப்படி ஒரு தாள் கிடைக்கும்வரை, பலமுறை துவைத்த, கஞ்சி போடாத வெள்ளை வேட்டித் துணி போதும். பிவிசி உறைகள் வேண்டாம். துரு இல்லாத டிரங்குப் பெட்டி நல்லதுதான், ஆனால் பரணில் வேண்டாம். ஷீட் கூரைக்குக் கீழே பகலில் வெந்து இரவில் குளிரும். பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். அந்துருண்டை தாளைத் தொடக் கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் போடலாம், சுவடிக் காலத்திலிருந்தே நம் பழக்கம் அது. வருஷத்துக்கு ஒருமுறை, தை மாதத்தில், திறந்து பாருங்கள்.

ஒன்பதாம் படி: யாருக்குக் காட்டுவது

தாள் வாங்கியவருடையது. எழுத்தின் மேலான உரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் வாரிசுகளுக்கும். வெளியிடுவதாக இருந்தால் இரு பக்கமும் சம்மதம் வேண்டும். கார்கில் காலத்துக் கடிதமாகவோ இன்னும் பணியில் இருப்பவருடையதாகவோ இருந்தால் யூனிட், நம்பர், இடம் எதையும் பொதுவில் போடாதீர்கள். குடும்பத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் எம்.இ.ஜி. சென்டரில் சாப்பர்களின் அருங்காட்சியகமும் ஆவணக்காப்பகமும் இருக்கின்றன. அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பேசலாம்.

கடைசிப் படி: வாசித்துக் காட்டுங்கள்

கண் மங்கியவர்களுக்குத் தட்டச்சு செய்த தாளைக் கையில் கொடுத்துவிட்டு வருவது போதாது. ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். ரெக்கார்டர் ஓடட்டும். நடுவில் கேள்வி கேட்காதீர்கள். முடித்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், அந்த நேரத்தில்தான் அவர்கள் பேசுவார்கள்.

எங்கள் 17-ஆம் கடிதம் 1971 கார்த்திகையில் எழுதியது. அதில் ‘நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுத முடியாது. நேரில் சொல்கிறேன்’ என்று ஒரு வரி. என்ன கேட்டிருப்பார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கல்யாணத் தேதியா, லீவா, வேலையை விடுவதா என்று யோசித்து, நாலாவது கட்டத்தில் மூன்று ‘இருக்கலாம்’ எழுதி வைத்திருந்தேன். போன தை மாதம் அந்தக் கடிதத்தைப் பாட்டிக்கு வாசித்தேன். முடித்துவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பாட்டி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

“பயமா இருக்கா மாமானு கேட்டிருந்தேன், கண்ணு. நேர்லயும் சொல்லல.”

மூன்று ‘இருக்கலாம்’களையும் அடித்துவிட்டு, 17-க்கு எதிரே அதை அவர் சொன்னபடியே எழுதினேன். பக்கத்தில் கேட்ட தேதியையும் போட்டேன்.